மூட்டு உள்நோக்கி அறுவையில் ஏற்படும் நரம்புக் காயங்கள்

மூட்டு உள்நோக்கி அறுவையில் ஏற்படும் நரம்புக் காயங்கள் என்பவை, சிறு துளைகள் வழியே ஒளிப்படக் கருவியையும் மெல்லிய கருவிகளையும் மூட்டினுள் செலுத்திச் செய்யப்படும் அறுவைச் சிகிச்சையின்போது, மூட்டைச் சுற்றியுள்ள நரம்புகளுக்கு நேரும் பாதிப்புகள் ஆகும். இவ்வறுவை மருத்துவமனைகளில் ஆர்த்ராஸ்கோப்பி என்றும், செய்தித்தாள்களில் சாவித்துவார அறுவை என்றும் அழைக்கப்படுகின்றது. பாதிப்பு ஒரு கையகலத் தோல் மரத்துப்போவது முதல் பாதத்தைத் தூக்க முடியாமல் போவது வரை வேறுபடலாம். பெரும்பாலானவை சில வாரங்களிலோ மாதங்களிலோ தாமாகச் சரியாகின்றன. சிறுபகுதி நிலைத்துவிடுகின்றது.

இவ்வகை அறுவையில் வெட்டுக்காயம் சிறிது, வலி குறைவு, மருத்துவமனையில் தங்கும் நாட்களும் குறைவு. இவை உண்மையான நன்மைகளே. எனினும் துளை சிறியது என்பதால் ஆபத்தும் சிறியது என்று கொள்ள முடியாது. திறந்த அறுவையில் மருத்துவர் நரம்பைக் கண்ணால் கண்டு ஒதுக்கி வைக்கின்றார். உள்நோக்கி அறுவையில் அவர் காண்பது மூட்டின் உட்புறம் மட்டுமே. நரம்போ பெரும்பாலும் மூட்டுறைக்கு வெளியே, திரையில் தெரியாத இடத்தில் செல்கின்றது. உடற்கூற்றியல் அறிவைக் கொண்டு அதன் இருப்பிடத்தை ஊகித்தே துளையிட வேண்டியுள்ளது.

வரலாறு

1918 ஆம் ஆண்டு தோக்கியோவில் கெஞ்சி தக்காகி என்னும் மருத்துவர், சிறுநீர்ப்பையைப் பார்க்கும் கருவியைக் கொண்டு ஒரு சடலத்தின் முழங்காலுக்குள் நோக்கினார். சுவிட்சர்லாந்தின் ஆய்கன் பிர்ச்சர் 1921 இல் நோயாளிகளின் முழங்கால்களை இம்முறையில் ஆராய்ந்து வெளியிட்டார். தக்காகியின் மாணவரான மசாக்கி வத்தனாபே நடைமுறைக்கு ஏற்ற கருவியை உருவாக்கி, 1962 இல் கிழிந்த மெனிஸ்கசின் ஒரு பகுதியை உள்நோக்கி வழியாகவே அகற்றினார். அவரிடம் கற்றுத் திரும்பிய டொரொன்டோ மருத்துவர் இராபர்ட் ஜாக்சன் வழியாக இம்முறை வட அமெரிக்காவில் பரவியது.

நரம்புகளைப் பற்றிய அச்சம் தொடக்கத்திலேயே இருந்தது. நியூயார்க்கைச் சேர்ந்த மைக்கேல் பர்மன் 1931 இல் சடலங்களின் பல மூட்டுகளை ஆராய்ந்தபோது, முழங்கை இம்முறைக்கு ஏற்றதன்று என்று எழுதினார். மூட்டு குறுகியது, நரம்புகள் மிக அருகில் உள்ளன என்பதே காரணம். அடுத்த ஆண்டே அக்கருத்தை அவர் மாற்றிக்கொண்டார். ஆயினும் முழங்கை உள்நோக்கி அறுவை பரவலாவதற்கு 1980களின் நடுப்பகுதி வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

நரம்பின் அமைப்பும் காயத்தின் படிநிலைகளும்

புற நரம்பு ஒன்றைப் பல இழைகள் கொண்ட மின்வடத்துடன் ஒப்பிடலாம். உள்ளே குறிப்புகளைக் கடத்தும் நரம்பிழைகள் உள்ளன. அவற்றுள் தடித்தவற்றைச் சுற்றி மயலின் என்னும் காப்புறை உண்டு. இழைகள் கற்றைகளாகக் கட்டப்பட்டு, இணைப்புத் திசுவாலான உறைகளுக்குள் செல்கின்றன. மின்வடத்துடனான ஒப்பீடு இதற்கு மேல் செல்லாது. மின்வடம் தானாக வளராது, நரம்பிழை வளரும்.

இக்காயங்களை பிரித்தானிய மருத்துவர் எர்பர்ட் செடன் 1943 இல் மூன்று நிலைகளாக வகுத்தார். முதலாவது நியூராப்ராக்சியா. இதில் நரம்பிழை அறுபடுவதில்லை. அழுத்தத்தாலோ இழுவையாலோ குறிப்பைக் கடத்துவது மட்டும் தடைபடுகின்றது. சில நாட்கள் முதல் சுமார் மூன்று மாதங்களுக்குள் முழுமையாகக் குணமாகும். இரண்டாவது அக்சனாட்மெசிசு. இதில் உள்ளிழை அறுபட்டுவிடும், ஆனால் உறை எஞ்சியிருக்கும். அவ்வுறையையே வழியாகக் கொண்டு இழை மீண்டும் வளரும். மூன்றாவது நியூராட்மெசிசு. இதில் நரம்பு முழுவதுமாகத் துண்டிக்கப்படுகின்றது, அல்லது உள்ளே வழியே இல்லாத அளவுக்குத் தழும்பாகிவிடுகின்றது. இது தானாகக் குணமாகாது. ஆத்திரேலியரான சிட்னி சண்டர்லாந்து 1951 இல் இடைநிலையை மேலும் பகுத்து ஐந்து படிகளாக விரித்தார்.

அறுபட்ட இழை ஏறத்தாழ நாளொன்றுக்கு 1 மில்லிமீட்டர் வீதம் வளர்கின்றது. இந்த ஓர் எண்ணே நோயாளியின் எதிர்காலத்தைப் பெருமளவு தீர்மானிக்கின்றது. எடுத்துக்காட்டாக, கழுத்தருகே உள்ள புயப் பின்னலில் இழைகள் அறுபட்டால், அவை கையின் சிறு தசைகளை அடைய ஏறத்தாழ 70 செ.மீ. வளர வேண்டும். அதாவது 700 நாட்கள். நரம்புத் தொடர்பற்ற தசையோ 12 முதல் 18 மாதங்களுக்குள் மீளமுடியாதவாறு நலிந்துவிடுகின்றது. ஆகவே நரம்பு வந்து சேரும்போது பெற்றுக்கொள்ளத் தசை இருப்பதில்லை. தோலுணர்வுக்கு இத்தகைய கண்டிப்பான கால எல்லை கிடையாது.

காயம் ஏற்படும் வழிகள்

நேரடிக் காயம் எளிதில் விளங்கக் கூடியது. துளையிடும் கத்தி, கூர்முனைக் குழல், சுழலும் வெட்டி, தையல் ஊசி ஆகிய ஏதேனும் ஒன்று நரம்பைத் தொட்டுவிடலாம். இதனாலேயே கத்தியால் தோலை மட்டும் கீறி, அதன் கீழுள்ள திசுவை மழுங்கிய இடுக்கியால் விலக்கிச் செல்லுமாறு பயிற்சியின்போது வலியுறுத்தப்படுகின்றது.

அறுவையின்போது நரம்பைத் தொடாமலேயே அதனைக் காயப்படுத்த முடியும் என்பது பலரும் அறியாத செய்தி. மூட்டை அகலப்படுத்த எடைகட்டி இழுக்கும்போது நரம்பும் நீள்கின்றது. மயக்கத்தில் உள்ள நோயாளியால் வலிக்கிறது என்று சொல்ல இயலாது. அறுவை மேசையின் விளிம்பில் முழங்கையின் உட்புறம் அழுந்தினால் அல்நார் நரம்பு பாதிக்கப்படும். காலின் புற ஓரத்தில், பிபுலா எலும்பின் கழுத்தருகே ஏதேனும் அழுந்தினால் பெரோனியல் நரம்பு பாதிக்கப்படும். சில வேளைகளில் பாதிப்பு அறுவை செய்யப்படாத மறுகாலில் காணப்படுகின்றது. அந்தக் காலை எவரும் கவனித்திருக்கமாட்டார்கள்.

குருதி ஓட்டத்தை நிறுத்தக் கட்டப்படும் காற்றழுத்தப் பட்டையை ஆர்வி குசிங் 1904 இல் அறிமுகப்படுத்தினார். அது நரம்பை எவ்வாறு பாதிக்கின்றது என்பது 1972 இல்தான் தெளிவாயிற்று. ஒச்சோவா, பவுலர், கில்லியட் ஆகியோர் பபூன் குரங்குகளில் செய்த ஆய்வில், காயம் பட்டையின் நடுவில் அன்றி அதன் இரு விளிம்புகளின் கீழேயே மிகுதியாக இருந்தது. அழுத்தம் திடீரென மாறும் அவ்விடத்தில் மயலின் உறை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகப்பட்டிருந்தது. தடித்த இழைகளே பாதிக்கப்பட்டன, மெல்லியவை தப்பின. பட்டையினால் வரும் வாதத்தில் அசைவு போய், வலியும் வெப்ப உணர்வும் ஓரளவு எஞ்சியிருப்பது இதனால்தான். அகலமான பட்டை, நோயாளியின் குருதியழுத்தத்தைப் பொறுத்துக் கணக்கிடப்பட்ட குறைந்த அழுத்தம், இரண்டு மணி நேரத்துக்கு மிகாத கால அளவு என்பன வழக்கமான விதிகள்.

வெப்பமும் ஒரு காரணம். தளர்ந்த தோள்மூட்டுறையை ரேடியோ அலை வெப்பத்தால் சுருக்கும் முறை 1990களின் பிற்பகுதியில் மிகப் பிரபலமாக இருந்தது. உறையின் அடிப்பகுதியை ஒட்டிச் செல்லும் அக்குள் நரம்பு சூடுபட்டுச் செயலிழந்த நிகழ்வுகள் அறிவிக்கப்பட்டன. குருத்தெலும்பு கரைந்துபோதலும், சுருக்கிய உறை மீண்டும் தளர்தலும் சேர்ந்துகொள்ள, சில ஆண்டுகளில் இம்முறை பெரும்பாலும் கைவிடப்பட்டது.

முழங்கால்

மிக அதிகமாக உள்நோக்கி அறுவை செய்யப்படும் மூட்டு முழங்கால் ஆகும். பந்தகங்களும் மெனிஸ்கசு என்னும் பிறைவடிவக் குருத்தெலும்பும் கிழிவதே இதற்குப் பெரும்பாலும் காரணம். மக்கள் வழக்கில் இவ்விரண்டுமே ஜவ்வு என்று சொல்லப்படுவதால், எந்த ஜவ்வு என்று கேட்டறிவது நல்லது. ஆபத்துக்குள்ளாகும் நரம்பு அதைப் பொறுத்தே அமைகின்றது.

முன்சிலுவைப் பந்தகத்தைப் புதிதாக அமைக்கும்போது, தொடையின் பின்புறத் தசைநாண்களை முழங்காலுக்குக் கீழே உட்புறத்தில் சிறு கீறலிட்டு எடுப்பது வழக்கம். சஃபீனசு நரம்பின் ஒரு கிளை அவ்விடத்தைக் குறுக்காகக் கடந்து முழங்காற்சில்லுக்குக் கீழே பரவுகின்றது. இக்கிளை பாதிக்கப்படுவது மிகவும் சாதாரணம். முழங்காலின் முன்புறம் ஒரு பகுதி மரத்துப்போகும், மண்டியிடும்போது கூசும் அல்லது எரியும். கீறலை நெடுக்காக இடாமல் சாய்வாகவோ கிடையாகவோ இட்டால் இது குறைகின்றது.

மெனிஸ்கசைத் தைக்கும்போது ஊசி உள்ளிருந்து வெளியே வருகின்றது. உட்புற மெனிஸ்கசாயின் சஃபீனசு நரம்பும், வெளிப்புற மெனிஸ்கசாயின் பெரோனியல் நரம்பும் ஊசியின் வழியில் உள்ளன. முன்னதால் வருவது உணர்விழப்பும் வலியும். பின்னதால் வருவது பாதத் தொங்கல். பாதத்தை மேலே தூக்க முடியாது, நடக்கும்போது விரல்நுனி தரையில் இடறும், செருப்பு காலில் நிற்காமல் கழன்று விழும். இதனைத் தவிர்க்க முழங்காலை 90 பாகை மடக்கித் தைக்கின்றனர். அந்நிலையில் பெரோனியல் நரம்பு தளர்ந்து பின்னோக்கி விலகுகின்றது. மேலும், பின்பக்கம் ஒரு தனிக் கீறலிட்டு இருதலைத் தசைக்கு முன்னே விலக்கியை வைத்து, வெளிவரும் ஊசியை அதில் தடுத்துக்கொள்கின்றனர். ஒரு கீறலை மிச்சப்படுத்த முனைவதைவிட நரம்பைக் காப்பது முதன்மையானது. பின்சிலுவைப் பந்தக அறுவையில் முழங்காலின் பின்புறமுள்ள பெருங்குருதிக்குழாய்களும் திபியல் நரம்பும் துளைக்கருவிக்கு நேரெதிரே இருப்பதால் கூடுதல் கவனம் தேவைப்படுகின்றது.

தோள்

தோள் அறுவை, நோயாளியைப் பக்கவாட்டில் படுக்க வைத்துக் கையை எடையால் இழுத்தோ, கடற்கரை நாற்காலி எனப்படும் சாய்ந்த இருக்கை நிலையிலோ செய்யப்படுகின்றது. முதல்நிலையில் புயப் பின்னல் இழுபடலாம். இரண்டாவதில் இழுவை குறைவு, ஆனால் தலை திரும்பினாலோ தலைப்பிடிப்பான் காதின் பின்புறம் அழுந்தினாலோ கழுத்து நரம்புகள் பாதிக்கப்படலாம்.

அக்குள் நரம்பு தோள் உச்சி எலும்பின் வெளி விளிம்பிலிருந்து ஏறத்தாழ 5 செ.மீ. கீழே டெல்ட்டாயிடு தசையின் உட்புறமாகச் செல்கின்றது. உடல் சிறியவர்களில் இத்தொலைவு இன்னும் குறைவு. பக்கத் துளையை அதற்குக் கீழே இடலாகாது. இந்நரம்பு பாதிக்கப்பட்டால் கையைப் பக்கவாட்டில் உயர்த்தும் வலிமை குறையும், மேற்கையின் வெளிப்புறம் மரத்துப்போகும். முன்துளையைக் காக்கை அலகு எலும்புக்கு உட்புறமாகவோ மிகக் கீழாகவோ இட்டால் தசைத்தோல் நரம்பு ஆபத்துக்குள்ளாகும்.

தோள் அறுவைக்கு முன் கழுத்தில் போடப்படும் மரப்பு ஊசியும் இங்கு குறிப்பிடத்தக்கது. வழக்கமான அளவில் போட்டால், ஏறக்குறைய எல்லோரிடமும் உதரவிதானத்தை இயக்கும் நரம்பு அந்தப் பக்கம் சில மணி நேரம் செயலிழக்கின்றது. நலமானவர்கள் இதனை உணர்வதில்லை. நுரையீரல் நோயுள்ளவர்களுக்கு மூச்சுத்திணறல் வரலாம். மேலும் கை மரத்திருப்பது மருந்தாலா காயத்தாலா என்பது மருந்தின் வீரியம் தீரும் வரை, அதாவது ஏறத்தாழ ஒருநாள் வரை தெரியாது. அதனால் ஊசிக்கு முன்பே கையின் உணர்வையும் வலிமையையும் சோதித்து எழுதி வைப்பது அவசியம். ஐந்து நிமிட வேலைதான். பின்னாளில் எது எப்போது நேர்ந்தது என்ற கேள்வி எழும்போது அந்தக் குறிப்பு ஒன்றே விடையளிக்கும்.

முழங்கை

நரம்புக் காயத்துக்கு மிகவும் பெயர்பெற்ற மூட்டு இது. நடுநரம்பு, ஆரை நரம்பு, அல்நார் நரம்பு ஆகிய மூன்றும் மூட்டுறையிலிருந்து மில்லிமீட்டர் கணக்கான தொலைவிலேயே செல்கின்றன. அமெரிக்காவின் மேயோ மருத்துவ மையத்தைச் சேர்ந்த கெல்லி, மோரே, ஓ'டிரிசுகல் ஆகியோர் 2001 இல் வெளியிட்ட 473 முழங்கை அறுவைகளின் தொகுப்பில், 10 நோயாளிகளிடம் 12 தற்காலிக நரம்பு வாதங்கள் காணப்பட்டன. அவற்றுள் ஐந்து அல்நார் நரம்பிலும் நான்கு ஆரை நரம்பின் மேலோட்டக் கிளையிலும் நேர்ந்தவை. நிலையான பாதிப்பு எதுவும் இல்லை. முடக்குவாதமும் மூட்டு இறுக்கமும் உள்ளவர்களிடம் ஆபத்து கூடுதலாக இருந்தது. அம்மூவரும் இத்துறையில் மிகுந்த அனுபவம் பெற்றவர்கள் என்பதை இவ்வெண்களைப் படிக்கும்போது நினைவிற்கொள்ள வேண்டும்.

துளையிடுவதற்கு முன் மூட்டுக்குள் உப்புநீரைச் செலுத்தி உப்ப வைக்கின்றனர். இதனால் நரம்புகள் எலும்பிலிருந்து விலகிச் செல்கின்றன. துளையிடும் கருவிக்கு இது பாதுகாப்பு. ஆனால் நரம்புக்கும் மூட்டுறைக்கும் இடையிலுள்ள தொலைவு இதனால் கூடுவதில்லை, உறையும் சேர்ந்தே நகர்கின்றது. எனவே உள்ளிருந்து உறையை வெட்டும்போது உப்புநீர் தரும் பாதுகாப்பு ஏதுமில்லை. இறுகிய மூட்டிலோ உறை உப்புவதே குறைவு. முன்பு அல்நார் நரம்பை இடம்மாற்றி அறுவை செய்துகொண்டவர்களிடம், அந்நரம்பு இருக்குமிடத்தைக் கண்டறியாமல் உட்புறத் துளை இடலாகாது.

மணிக்கட்டு

மணிக்கட்டில் ஆரைப் பக்கத் துளையருகே ஆரை நரம்பின் மேலோட்டக் கிளைகளும், சுண்டுவிரல் பக்கத் துளையருகே அல்நார் நரம்பின் புறங்கைக் கிளையும் உள்ளன. இவை தோலுணர்வு நரம்புகளே. ஆயினும் ஆரை நரம்புக் கிளையில் உண்டாகும் நரம்புக் கழலை பிடிவாதமான வலியைத் தரக்கூடியது.

இடுப்பு

இடுப்பு மூட்டு ஆழத்தில் இறுக்கமாகப் பொருந்தியிருப்பதால், காலை வலுவாக இழுத்தால்தான் கருவி நுழைய இடம் கிடைக்கும். உடல் சறுக்காதிருக்கக் கவட்டில் ஒரு கம்பம் நிறுத்தப்படுகின்றது. அக்கம்பம் புடெண்டல் நரம்பை அழுத்துவதால் பிறப்புறுப்புப் பகுதி மரத்துப்போகலாம், சிலரிடம் பாலுறவுச் செயற்பாடும் தற்காலிகமாகப் பாதிக்கப்படலாம். நோயாளிகள் கூச்சத்தால் இதனைச் சொல்வதில்லை, மருத்துவர்களும் கேட்பதில்லை. அதனால் பழைய பதிவுகளில் உள்ள எண்ணிக்கையை அப்படியே நம்புவதற்கில்லை. தடித்த பஞ்சுறை கொண்ட கம்பம், இரண்டு மணி நேரத்துக்குள் முடியும் இழுவை, இடையிடையே தளர்த்துதல் ஆகியவை தடுப்பு முறைகள். அண்மைக் காலத்தில் கம்பமே இல்லாமல், மேசையைத் தலைப்பக்கம் தாழ்த்தி, உராய்வு மிகுந்த விரிப்பில் கிடத்தி இழுக்கும் முறை பரவி வருகின்றது. முன்துளையருகே செல்லும் தொடையின் வெளித்தோல் நரம்பு பல கிளைகளாகப் பிரிவதால் அதை முற்றிலும் தவிர்ப்பது கடினம்.

கணுக்கால்

ரிச்சர்டு பெர்க்கலும் உடன்பணியாற்றியோரும் 1996 இல் வெளியிட்ட 612 கணுக்கால் அறுவைகளின் ஆய்வில், 27 பேரிடம் நரம்பு தொடர்பான பாதிப்பு காணப்பட்டது. இது 4.4 விழுக்காடு. இவற்றுள் 15 மேலோட்டப் பெரோனியல் நரம்பிலும், 6 சூரல் நரம்பிலும், 5 சஃபீனசு நரம்பிலும், ஒன்று ஆழப் பெரோனியல் நரம்பிலும் நேர்ந்தவை.

மேலோட்டப் பெரோனியல் நரம்புக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. உடலில் கண்ணால் காணக்கூடிய வெகுசில நரம்புகளுள் அதுவும் ஒன்று. பாதத்தைக் கீழ்நோக்கி உட்புறமாகத் திருப்பி நான்காம் விரலை மடக்கினால், மெலிந்தவர்களின் தோலுக்கடியில் அது கயிறுபோல் புடைத்துத் தெரியும். அறுவைக்கு முன் பேனாவால் அதனைக் குறித்துக்கொள்கின்றனர். இதிலும் ஒரு சிக்கல் உள்ளது. பாதத்தை இயல்பு நிலைக்குக் கொண்டுவந்தவுடன் நரம்பு சில மில்லிமீட்டர் வெளிப்புறமாக நகர்ந்துவிடும், தோலில் இட்ட குறியோ அங்கேயே இருக்கும். இதனை அறிந்தவர்கள் துளையைக் குறிக்கு உட்புறமாக இடுகின்றனர்.

எவ்வளவு அடிக்கடி நேர்கின்றது

நீல் சுமால் 1988 இல் வெளியிட்ட முன்னோக்கு ஆய்வில், அனுபவமிக்க 21 மருத்துவர்கள் 19 மாதங்களில் செய்த 10,262 அறுவைகளில் அனைத்து வகைச் சிக்கல்களும் சேர்ந்து 1.68 விழுக்காடாக இருந்தன. நரம்புக் காயம் அவற்றுள் ஒரு சிறுபகுதியே. ஆனால் இத்தகைய எண்களை ஒப்பிடுவது கடினம். மருத்துவர் தாமே பதிவு செய்யும் ஆய்வில் பாதத் தொங்கல் விடுபடாது, மரத்துப்போன தோல் விடுபட்டுவிடும். நோயாளியைத் தொட்டுப் பார்த்துக் கேட்கும் ஆய்வுகளில் எண்ணிக்கை எப்போதும் கூடுதலாகவே வருகின்றது.

கண்டறிதல்

அறுவைக்குப் பின் புதிதாக ஏற்பட்ட உணர்விழப்பு, தசை வலுவிழப்பு, எரிச்சல், மின்னதிர்ச்சி போன்ற வலி ஆகியவை முதன்மை அறிகுறிகள். நரம்பின் மீது தட்டும்போது அது செல்லும் திசையில் சுரீர் என்ற உணர்வு பரவுவது டினெல் குறி எனப்படுகின்றது. 1915 இல் பிரான்சின் சூல் டினெலும் செருமனியின் பவுல் ஆப்மனும் தனித்தனியே இதனை விவரித்தனர். வாரங்கள் செல்லச்செல்லக் குறி கீழ்நோக்கி நகர்ந்தால் நரம்பு வளர்கின்றது என்று பொருள்.

மின்னியற் சோதனைகளை உடனே செய்வதால் பயன் குறைவு. நரம்பு முற்றிலும் அறுந்திருந்தாலும் அதன் கீழ்த்துண்டு முதல் சில நாட்களுக்கு மின்தூண்டலுக்கு இயல்பாகவே பதிலளிக்கும். தசையில் நரம்பிழப்பின் அடையாளங்கள் தோன்ற 2 முதல் 3 வாரங்கள் ஆகும். ஆகவே வழக்கமாக 3 அல்லது 4 வாரங்களுக்குப் பின் சோதித்து, பிறகு மூன்றாம் மாதத்தில் மீண்டும் ஒப்பிடுகின்றனர். நரம்பு தொடர்ச்சியாக உள்ளதா என்பதை மீயொலிப் படத்தில் முன்கூட்டியே காண முடியும்.

சிகிச்சை

கட்டு இறுக்கமாக இருத்தல், குருதித் தேக்கம், தையலில் நரம்பு சிக்கியிருத்தல் ஆகிய ஐயங்கள் முதலில் நீக்கப்பட வேண்டும். இவற்றில் காத்திருப்பது தவறு. வெட்டுப்பட்டது என்று நம்பக் காரணம் இருந்தால் விரைவில் திறந்து பார்த்துத் தைப்பதே சிறந்தது. இழுவையாலோ அழுத்தத்தாலோ நேர்ந்திருந்தால் காத்திருப்பது முறை. மூன்று மாதங்கள் கடந்தும் மீட்சியின் அடையாளமே இல்லையெனில் நரம்பியல் அறுவை வல்லுநரிடம் அனுப்ப வேண்டும். இடைவெளி பெரிதாயின் பெரும்பாலும் காலின் சூரல் நரம்பிலிருந்து எடுத்த துண்டு ஒட்டப்படுகின்றது. அருகிலுள்ள நலமான நரம்புக் கிளையைத் திருப்பி இணைப்பதும் உண்டு. ஓராண்டுக்கு மேல் கடந்துவிட்டால் தசைநாண் இடமாற்றமே வழி. பாதத் தொங்கலுக்குத் திபியாலிசு பின்தசையின் தசைநாணை முன்புறம் கொண்டுவருவது இவ்வகையைச் சேர்ந்தது.

காத்திருக்கும் காலத்திலும் செய்ய வேண்டியவை உள்ளன. மூட்டுகள் இறுகாதிருக்க இயன்முறைப் பயிற்சி தேவை. பாதத்தைத் தாங்கும் அணைவரி பொருத்தினால் இடறி விழுவது குறையும். உணர்வற்ற தோலில் வெந்நீர், சூடான வாகனப் புகைக்குழாய், செருப்பின் உராய்வு ஆகியவை அறியாமலே புண் உண்டாக்கும். நரம்பு வலிக்கு வழக்கமான வலிநீக்கிகள் அதிகம் உதவுவதில்லை. கபாபென்டின், பிரிகாபலின், அமிட்ரிப்டிலின் போன்றவை மருத்துவரின் மேற்பார்வையில் தரப்படுகின்றன. வலி காயத்தின் அளவுக்கு மீறி, வீக்கமும் நிறமாற்றமும் சேர்ந்து வந்தால் சிக்கலான வட்டார வலி நோய்த்தொகையாக இருக்கக்கூடும். இதற்குத் தொடக்கத்திலேயே சிகிச்சை தேவை.

முன்னறிவிப்பும் ஒப்புதலும்

இவ்வகைக் காயம் நேர்ந்தது என்பதாலேயே அது கவனக்குறைவு ஆகிவிடாது. தோல் நரம்புகளின் போக்கு ஆளுக்கு ஆள் வேறுபடுவதால், முறைப்படி செய்த அறுவையிலும் அவை பாதிக்கப்படலாம். அதை முன்பே சொன்னார்களா என்பது வேறு கேள்வி. இந்திய உச்சநீதிமன்றம் 2008 இல் சமீரா கோலி வழக்கில், சிகிச்சையின் தன்மை, மாற்று வழிகள், குறிப்பிடத்தக்க ஆபத்துகள் ஆகியவற்றை நோயாளிக்குப் போதுமான அளவு விளக்கிப் பெறுவதே செல்லத்தக்க ஒப்புதல் என்றது. மிக அரிதான ஆபத்துகள் அனைத்தையும் சொல்ல வேண்டியதில்லை என்றும் அது கூறியது. ஐக்கிய இராச்சியத்தின் உச்சநீதிமன்றம் 2015 இல் மான்ட்கோமரி வழக்கில், அந்நோயாளியின் இடத்திலிருக்கும் ஒருவர் முக்கியமாகக் கருதக்கூடிய ஆபத்து எதுவோ அதனைச் சொல்ல வேண்டும் என்றது. முழங்காலின் முன்புறம் மரத்துப்போவது அலுவலகத்தில் அமர்ந்து வேலை செய்பவருக்குப் பொருட்டாகாமல் இருக்கலாம். நாள் முழுதும் மண்டியிட்டுத் தரைக்கல் பதிப்பவருக்கு அது பிழைப்புத் தொடர்பான செய்தி.